தசை ஒரு போர்வை: விழிஞ்ஞத்துக் கடலும் குளிர்நீரில் குருதியோட்டமும்

சிப்பி பறிக்க இறங்கிய விழிஞ்ஞத்து மனிதர் ஒருவர் கரையேறி 'விறய்க்குந்நு' என்றால், அவர் உடல் குளிரில் நடுங்குகிறது என்று பொருள். அதே கடற்கரையில் தெற்கே குளச்சலிலோ முட்டத்திலோ ஒருவர் 'கை விறைத்துவிட்டது' என்றால், விரல்கள் மடங்க மறுக்கின்றன என்று பொருள். வேர் ஒன்றுதான். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இரண்டையும் ஒரே பதிவின்கீழ் வைத்திருக்கிறது. மலையாளத்தில் அந்த வேர் அசைவின் பக்கம் போயிற்று. இன்றைய தமிழில் பெரும்பாலும் அசைவின்மையின் பக்கம் நின்றது. சொற்பொருள் மாற்றத்துக்கான வழக்கமான எடுத்துக்காட்டாக இதை வகுப்பறையில் சொல்லிவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் குளிர்ந்த நீரில் உழைக்கும் தசைக்குள் இரத்தம் என்ன செய்கிறது என்று உடலியலாளர்கள் முக்கால் நூற்றாண்டாக அளந்து வந்திருப்பதைப் படித்தவருக்கு, இந்த இரு பொருள்களும் ஒரே தசையின் இரண்டு நிலைகளாகத் தெரியும். நடுங்கும் தசை இரத்தம் பாயும் தசை. விறைத்த தசை இரத்தம் விலகிய தசை. குளிர்நீரில் விழுந்தவர் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையே நடக்கும் இழுபறியைப் பொறுத்தது.

விழிஞ்ஞம் என்றால் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2025 மே 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட சரக்குப் பெட்டகத் துறைமுகம். ஆய் மன்னர்களின் துறையாக இருந்து பாண்டியரோடும் சோழரோடும் மோதிய ஊர் என்பது வரலாற்று மாணவர்களுக்குத் தெரியும். உடலியல் நோக்கில் இந்த ஊரின் சிறப்பு வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இங்குள்ள கடல் குளிர்ந்துவிடுகிறது. கரையோரமாகத் தெற்கு நோக்கி வீசும் காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. விலகிய இடத்தை நிரப்ப ஆழத்து நீர் மேலே வருகிறது. கடலியலார் இதை மேலெழுச்சி என்பர். ஆண்டின் பெரும்பகுதி 28, 29 டிகிரி செல்சியசை ஒட்டி நிற்கும் நீர், சூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் 25 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. அடிநீர் அதைவிடவும் குளிர்ந்திருக்கும். அந்த நீர் கொண்டுவரும் ஊட்டச்சத்தால்தான் இக்கடலில் மீன் செழிக்கிறது. பாறைகளில் சிப்பி கொழுக்கிறது.

'சிப்பி' என்பது இங்கே ஓட்டைக் குறிக்கும் பொதுச்சொல் அன்று. மலபாரில் கல்லும்மக்காய் எனப்படும் உயிரைத் திருவனந்தபுரம் கடற்கரையில் சிப்பி என்கிறார்கள். விழிஞ்ஞத்தில் கிடைப்பது பழுப்பு நிறச் சிப்பி. 1976இல் குரியாக்கோசும் நாயரும் இதைத் தனி இனமாக விவரித்து 'பெர்னா இண்டிகா' என்று பெயரிட்டனர். வேறு கடல்களிலும் உள்ள 'பெர்னா பெர்னா'தான் இது என்று பிற்காலத்தில் பலர் கருதுகின்றனர். அலையடிக்கும் பாறையில் நார்விட்டு இறுகப் பற்றியிருக்கும் இதனை, மூச்சடக்கி மூழ்கி, உளிபோன்ற இரும்பால் பெயர்த்து, இடுப்பிலோ கழுத்திலோ தொங்கும் வலைப்பைக்குள் போடவேண்டும். ஒரு மூச்சில் சில கைப்பிடிகளே கிடைக்கும். பிறகு மேலே வந்து மூச்சு வாங்கி மீண்டும் மூழ்கவேண்டும். இப்படியே மணிக்கணக்கில் நடக்கும். கால்கள் நீந்துகின்றன, தோளும் முன்கையும் பெயர்க்கின்றன, உடல் முழுவதும் குளிர்ந்த நீரில் கிடக்கிறது. தசைக் குருதியோட்டத்தை ஆய்வுக்கூடத்தில் படிப்பவர்கள் குளிர்நீர்த் தொட்டியையும் மிதிவண்டியையும் சேர்த்து அமைக்கும் ஏற்பாட்டை, இவர்களுக்குக் கடலே அமைத்துக் கொடுத்திருக்கிறது.

முதலில் உழைப்பு. ஓய்வில் இருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. உடல் எடையில் 40 விழுக்காடு அளவுக்குத் தசை இருந்தும், இந்த 5 லிட்டரில் எலும்புத் தசைகளுக்குப் போவது சுமார் ஒரு லிட்டர்தான். கடும் உழைப்பில் இதயம் 20 லிட்டருக்கு மேல் அனுப்பும். அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்குப் போகும். இவ்வளவு பெரிய மாற்றம் எப்படி நடக்கிறது? மூளையின் கட்டளை மட்டும் போதாது. சுருங்கி விரியும் தசையே தனக்கான இரத்தத்தைக் கேட்டு வாங்குகிறது. உழைக்கும் இழைகளிலிருந்து வெளிவரும் பொட்டாசியம், அடினோசின், நைட்ரிக் ஆக்சைடு போன்றவை அருகிலுள்ள சிறு தமனிகளைத் தளர்த்துகின்றன. ஓய்வில் மூடிக்கிடந்த நுண்குழாய்கள் வேலையின்போது திறக்கின்றன என்பதைக் காட்டியதற்காக டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1920இல் நோபல் பரிசு பெற்றார். அக்கருத்து பின்னர்ப் பலவாறு திருத்தப்பட்டது. ஆயினும் தசையின் தேவையே இரத்தத்தை வரவழைக்கிறது என்ற அடிப்படை நிற்கிறது. நரம்புகள் 'சுருங்கு' என்று ஆணையிடும்போதும் உழைக்கும் தசை அந்த ஆணையைப் பெரிதும் மீறும் என்பது 1962இல் காட்டப்பட்டது. இந்த மீறலே பின்னால் சிக்கலாகிறது.

அடுத்துக் குளிர். இதை அளந்த பழைய சோதனைகளில் மிக அழகியது ஹென்றி பார்கிராஃப்டும் ஆட்டோ எடோமும் 1943இல் வெளியிட்டது. முன்கையை வெவ்வேறு வெப்பநிலையுள்ள நீரில் நெடுநேரம் அமிழ்த்தி வைத்து, அதனுள் ஓடும் இரத்தத்தை அளந்தார்கள். அளக்கும் முறை எளிது. இரத்தம் கைக்குள் வர விட்டு, திரும்பிச் செல்லும் சிரைகளை மட்டும் பட்டையால் சில நொடிகள் அழுத்தி அடைத்தால் கை சற்றே பருக்கும். எவ்வளவு வேகமாகப் பருக்கிறதோ அவ்வளவு வேகமாக இரத்தம் உள்ளே வருகிறது. இப்படி அளந்தபோது, வெந்நீரில் பெருகிய ஓட்டம் 13 டிகிரி நீரில் மிகவும் வற்றிப்போயிருந்தது. தோல் மட்டும் குளிரவில்லை. ஆழத்திலிருந்த தசையும் நீரைத் தொடர்ந்து குளிர்ந்தது. இரத்தம் வராத தசைக்கு உடலின் நடுவிலிருந்து வெப்பம் வரும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.

இங்கேதான் பலரும் தவறவிடும் செய்தி இருக்கிறது. உடலைக் குளிரிலிருந்து காப்பது தோலுக்கடியிலுள்ள கொழுப்பு என்றே பாடநூல்கள் சொல்லித் தருகின்றன. கொழுப்பு காக்கிறது என்பது உண்மை. ஆனால் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டொனால்டு ரென்னியும் உடன் உழைத்தவர்களும் 1980களின் தொடக்கத்தில் குளிர்நீரில் அசையாமல் கிடந்தவர்களின் காப்பை அளந்து பிரித்துப் பார்த்தபோது, அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு இரத்தம் விலகிய தசையிலிருந்தே வந்தது என்று கண்டார்கள். தோலும் கொழுப்பும் தந்தது மீதிதான். கைகால்களைச் சுற்றியுள்ள தசைப்படலம், இரத்தம் இல்லாதபோது, ஒரு தடித்த போர்வை. அந்த மனிதர்களையே கைகால்களை அசைத்து உழைக்கச் சொன்னதும் அந்தப் போர்வை கலைந்தது. உழைக்கும் தசை இரத்தத்தை அழைத்தது. இரத்தம் உடலின் வெப்பத்தைக் கையோடு கொண்டுவந்து, சில சென்டிமீட்டர் தொலைவில் நிற்கும் குளிர்ந்த நீரிடம் ஒப்படைத்தது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். உழைப்பு வெப்பத்தை உண்டாக்குகிறது. அதே உழைப்பு வெப்பம் தப்பிப் போகும் கதவையும் திறக்கிறது. எது முந்துகிறது என்பதே கேள்வி.

நடுக்கமும் உழைப்புதான். அதுவும் தசையை இரத்தத்தால் நிறைக்கும். ஆகவே நடுங்கி உண்டாக்கும் வெப்பத்தின் ஒரு பங்கு நடுக்கத்தாலேயே வெளியேறிவிடுகிறது. மலையாளத்து 'விறயும்' தமிழின் 'விறைப்பும்' உடலுக்குள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பது இவ்விடத்தில்.

இந்தக் கணக்கை ஒரே சோதனையில் இரு உடல்களில் காட்டியவர் கிரிஃபித் பூ. 1953 எவரெஸ்ட் குழுவின் உடலியலாளர் என்று அறியப்பட்டவர். ஆங்கிலக் கால்வாய் நீந்துவோரைப் பற்றி அவரும் எடோமும் 1955இல் வெளியிட்ட ஆய்வில், ஜேசன் ஜிர்கானோஸ் என்ற பருத்த கிரேக்க நீச்சல்காரரும் ஒல்லியான பூவும் 16 டிகிரி அளவிலான நீரில் இறங்கினர். ஜிர்கானோஸ் நீந்தியபோது அவருடைய உடல்வெப்பம் அதிகம் இறங்கவில்லை. பூவுக்கோ நேர்மாறு: சும்மா கிடந்தபோது இறங்கியதைவிட நீந்தியபோது வேகமாக இறங்கியது. கொழுப்பு தடித்திருந்தால், தசைப்போர்வை கலைந்தாலும் கீழே இன்னொரு போர்வை மிஞ்சுகிறது. ஒல்லியானவருக்கு ஒரே போர்வைதான்; நீந்தினால் அதுவும் போகும். ஜிர்கானோசுக்கும் அந்தக் காப்பு எல்லையற்றதாக இருக்கவில்லை. அவர் 1959இல் அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட குளிர்ந்த கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார்.

விழிஞ்ஞத்துச் சிப்பித் தொழிலாளர்களைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் எந்த உடலினர் என்பது சொல்லாமலே தெரியும். அவர்களில் பூக்கள் மிகுதி, ஜிர்கானோஸ்கள் அரிது.

மூன்றாவதாக ஒரு கட்டளையும் அவர்கள் உடலில் நுழைகிறது. மூச்சை அடக்கி முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தியதும் இதயத்துடிப்பு மெலிகிறது. கைகால்களின் நாளங்கள் சுருங்குகின்றன. இருக்கும் ஆக்சிசனை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு இது. பெர் ஷோலாண்டரும் தோழர்களும் ஆஸ்திரேலியாவின் முத்துக்குளிப்பவர்களை ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட கட்டுரையில், மூழ்கியிருந்த நேரத்தைவிட மேலே வந்த பிறகே இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடியதைக் கண்டனர். மூழ்கியிருக்கும்போது தசைகளுக்கு இரத்தம் பெரிதும் அடைபட்டிருந்தது. அவை தங்கள் கையிருப்பைக் கொண்டே உழைத்தன. மேலே வந்து மூச்சிழுத்ததும் கதவு திறந்து, தேங்கியது பெருகி வந்தது. சிப்பி பறிப்பவரின் தசை, இந்தக் கணக்கில், ஒரு மணி நேரத்தில் பலமுறை மூடித் திறக்கிறது. மூடும்போது வெப்பம் தங்கும், ஆனால் ஆக்சிசன் தீரும். திறக்கும்போது ஆக்சிசன் வரும், வெப்பம் போகும். கெண்டைக்காலில் குரக்கு பிடிப்பதும் விரல்கள் உளியை நழுவவிடுவதும் இத்தகைய உழைப்பின் இறுதிப் பகுதியிலேதான் நேரும். தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளிப்பில் குளியாள் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கி, படகிலிருப்பவர் கயிற்றால் இழுக்க மேலே வருவது மரபு. கால்தசையின் உழைப்பு அதில் பெருமளவு மிச்சப்பட்டது. உடலியல் படிக்காதவர்கள் கண்டடைந்த ஏற்பாடு என்று அதைக் குறைத்துப் பேசுபவர்கள் இந்தச் சிக்கனத்தைக் கவனித்ததில்லை.

குளிருக்கு உடல் பழகுமா என்ற கேள்விக்குக் கொரியக் கடற்பெண்கள் விடை தந்தார்கள். சுக் கி ஹாங்கும் ஹெர்மன் ரானும் 1960களில் ஆராய்ந்த ஹேன்யோக்கள் மெல்லிய பருத்தி ஆடையோடு குளிர்காலத்திலும் மூழ்கியவர்கள். அவர்களுக்கு நடுக்கம் தொடங்கும் நீர்வெப்பம், அதே அளவு கொழுப்புள்ள பிற பெண்களைக் காட்டிலும் தாழ்வாக இருந்தது. குளிர்காலத்தில் அவர்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம் உயர்ந்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் ரப்பர் நீருடை வந்தது. சில ஆண்டுகளில் இந்தப் பழக்கங்கள் யாவும் மறைந்துபோயின. அவர்கள் பெற்றிருந்தது குருதிவழி வந்த வரம் என்று நினைத்தவர்களுக்கு அது நல்ல பாடம். அன்றாடம் குளிரில் கிடந்து உடல் ஈட்டிய ஒன்று அது, குளிர் நின்றதும் நின்றுவிட்டது. நீருடை வேண்டாம், பழக்கமே போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்களும் உண்டு. அந்த முடிவைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நீரில் இறங்காதவர்கள். ஹேன்யோக்கள் நீருடையைத் தயங்காமல் ஏற்று, நீரில் நிற்கும் நேரத்தைப் பெருக்கிக்கொண்டார்கள்.

இப்போது 25 டிகிரிக்கு வருவோம். அசையாமல் கிடக்கும் வெற்றுடல் வெப்பம் இழக்காமலிருக்க நீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்கவேண்டும். ஆக, விழிஞ்ஞத்துக் கடல் எந்த மாதத்திலும் உடலுக்குக் குளிர்ந்த நீரே. ஆனால் 28 டிகிரியில் மிதமாக நீந்துபவருக்கு உழைப்பின் வெப்பம் இழப்பை ஈடுகட்டிவிடும், அசைவது இலாபம். நீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க, ஒல்லியான உடலுக்கு இலாபம் நட்டமாகத் திரும்பத் தொடங்குகிறது. உடலின் கொழுப்பு, உழைப்பின் கடுமை, கை உழைக்கிறதா கால் உழைக்கிறதா என்பதைப் பொறுத்து அந்தத் திருப்புமுனை சற்று மேலோ கீழோ அமையும். கைகள் மெலிந்தவை, அவற்றின் பரப்பு மிகுதி. கையால் உழைப்பவர் காலால் உழைப்பவரைவிட வெப்பத்தை எளிதில் இழக்கிறார். வடகடல்களில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே நீர் ஆண்டு முழுவதும் கோட்டுக்குக் கீழே. வெப்பமண்டலத் தீவுகளிலும் எழாது. அங்கே எப்போதும் மேலே. விழிஞ்ஞத்தில் கடல் ஆண்டுக்கு இருமுறை அந்தக் கோட்டைத் தொட்டுத் திரும்புகிறது. சனவரியில் சரியாக இருந்த அறிவுரை ஆகஸ்டில் தவறாகலாம்.

'கையைக் காலை அடித்துக்கொண்டே இரு, உடம்பு சூடாக இருக்கும்' என்பது கடற்கரையெங்கும் சொல்லப்படும் அறிவுரை. வில்லியம் கீட்டிஞ் 1960களின் தொடக்கத்திலேயே, குளிர்ந்த நீரில் உழைத்தவர்களின் உடல்வெப்பம் அசையாதிருந்தவர்களைவிட வேகமாக இறங்குவதைக் காட்டியிருந்தார். 1963 திசம்பரில் மடீராத் தீவுக்கு அப்பால் லாக்கோனியா என்ற பயணக் கப்பல் எரிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நீர் ஏறத்தாழ 18 டிகிரி. பலர் மிதவைச் சட்டை அணிந்திருந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது மூழ்குதலைவிடக் குளிரே என்று கீட்டிஞ் எழுதினார். கனடாவின் விக்டோரியாவில் ஹேவர்டும் குழுவினரும் 1975இல் வெளியிட்ட அளவீடு இன்னும் தெளிவானது. 10 டிகிரி அளவிலான நீரில், மிதவைச் சட்டையோடு நீந்தியவர்கள் அசையாமல் மிதந்தவர்களைவிட 35 விழுக்காடு வேகமாகக் குளிர்ந்தனர். முழங்காலை மார்போடு அணைத்துச் சுருண்டு மிதந்தவர்களும், ஒருவரையொருவர் ஒட்டி அணைத்துக் கிடந்தவர்களும் குறைவாகவே வெப்பம் இழந்தனர்.

குளிர் கொல்வதற்கு முன்பே தசை கைவிட்டுவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தசையின் வெப்பம் சுமார் 27 டிகிரிக்குக் கீழே போனால் அதன் திறன் குறையத் தொடங்கும். மைக் டிப்டனும் குழுவினரும் 1999இல் பத்து நீச்சல்காரர்களை வெவ்வேறு நீரில் நீந்தவிட்டனர். 25 டிகிரி நீரில் பத்துப் பேரும் குறித்த நேரத்தை முடித்தனர். 18 டிகிரியில் எட்டுப் பேர். 10 டிகிரியில் ஐவர் மட்டுமே. நிறுத்தியவர்களின் உடல் நடுவெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கவில்லை. அவர்கள் கைவீச்சு குறுகிற்று, உடல் நீரில் செங்குத்தாகச் சாய்ந்தது, விரல்கள் விரிந்து நீரைப் பற்ற மறுத்தன. கரையை எட்டிவிடலாம் என்று நம்பிப் புறப்பட்ட நல்ல நீச்சல்காரர்கள் பாதி வழியில் மூழ்குவதற்குக் காரணம் இதுவே. அவர்களுக்கு நீந்தத் தெரியாமல் போகவில்லை. நீந்தும் தசை இல்லாமல் போயிற்று.

இடையே ஒரு விலகல். இதே குளிர்நீர் இப்போது நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களில் பனிக்கட்டித் தொட்டியாக விற்கப்படுகிறது. பயிற்சி முடிந்ததும் தொட்டியில் அமர்ந்தால் தசையிலுள்ள 'கழிவு' வெளியேறும், 'கெட்ட இரத்தம்' ஓடிப்போகும் என்பது விளம்பர மொழி. உருவகம் சாக்கடையிலிருந்து வந்தது, உடலிலிருந்து வரவில்லை. தொட்டியில் நடப்பது அதற்கு நேர்மாறானது: தசைக்கு வரும் இரத்தம் குறைகிறது. கிரெக்சனும் குழுவினரும் 2011இல் காட்டியபடி, தொடைத் தமனியின் ஓட்டம் 8 டிகிரி நீரில் குறைந்த அளவுக்கே 22 டிகிரி நீரிலும் குறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பனிக்கட்டியில் உட்காரவேண்டிய கட்டாயம்கூட அதற்கு இல்லை. வலி சற்றுத் தணிகிறது என்பது உண்மை. ஆனால் வெதுநீரில் சோப்பு நுரையைக் கலந்து 'மீட்பு எண்ணெய்' என்று சொல்லி உட்காரவைத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பயன் கிடைத்ததாக 2014இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை ஒன்று காட்டிற்று. 2015இல் ராபர்ட்சும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது. 12 வாரம் எடைப்பயிற்சி செய்து, ஒவ்வொரு முறையும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் அமர்ந்தவர்களுக்கு, இலேசாக மிதிவண்டி ஓட்டி ஆறியவர்களைவிடத் தசை வளர்ச்சியும் வலிமையும் குறைவாகவே கூடின. தசை பெருக்கக் குளிரில் உட்காருபவர் தசையின் பெருக்கத்துக்கே காசு கொடுத்துத் தடை வாங்குகிறார். அடுத்த நாளே மீண்டும் ஆடவேண்டிய ஆட்டக்காரருக்கு அது பயன்படலாம். மற்றவர்களுக்குப் படம்பிடித்துப் பதிவிடப் பயன்படும்.

விழிஞ்ஞத்துக்குத் திரும்புவோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்து திரும்பியபோது, விழிஞ்ஞம், பூந்துறை, அடிமலைத்துறை ஊர்களிலிருந்தும் குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்தும் சென்றவர்கள் கடலில் இருந்தார்கள். இரு மாநிலத்திலும் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நாள் கணக்கில் மிதந்து மீண்டவர்களும் இருந்தனர். கடற்படையும் கடலோரக் காவற்படையும் தேடின. மீனவர்களே தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். நவம்பர் நீர் ஆகஸ்ட் நீரைப் போலக் குளிர்ந்ததன்று. ஆயினும் 37 டிகிரி உடலுக்கு 28 டிகிரி நீரும் கடன்காரனே. வட்டி மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஓர் இரவு முழுவதும் உணவும் நன்னீருமின்றிப் படகின் விளிம்பைப் பற்றியிருக்கும் கைகளில் நடப்பது, மேலே சொன்ன சோதனைகளில் நடந்ததன் நீட்சிதான். பற்றுதலும் தசையின் இடைவிடாத உழைப்பு. மிதவைச் சட்டை இருந்திருந்தால் அந்த உழைப்பு தேவையில்லை. கைகளை அக்குளில் செருகிக் கிடக்கலாம், போர்வை கலையாது. மிதவைச் சட்டை மூழ்காமல் காப்பது என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அசையாமலிருக்க அனுமதிப்பது என்ற அதன் இரண்டாவது பணியை யாரும் சொல்வதில்லை. படகில் வேலைக்கு இடைஞ்சல், வெக்கை என்று அதைக் கழற்றி வைப்பவர்களிடம் முதல் பணியைச் சொல்லி ஏற்கவைப்பது கடினம்: 'எனக்கு நீந்தத் தெரியும்' என்பார்கள், உண்மையாகவே தெரியும். இரண்டாவது பணிக்கு அந்த விடை செல்லாது.

கடலிலிருந்து தூக்கும்போதும் ஒரு செய்தி இருக்கிறது. கழுத்தளவு நீரில் நிற்கும் உடலை நீரின் அழுத்தம் சுற்றிலும் நெருக்கி, கால்களிலிருந்து அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தத்தை மார்புக்குள் தள்ளிவைக்கிறது. உடல் அதை மிகை நீராக எண்ணிச் சிறுநீராகக் கழித்துவிடும். நீரில் இறங்கியதும் சிறுநீர் முட்டுவது இதனால். பல மணி நேரம் கிடந்தவரை நிற்கவைத்து அக்குளில் கயிறு கட்டித் தூக்கினால், அந்த அழுத்தம் ஒரே நொடியில் விலகுகிறது. குளிர்ந்து தளர்ந்த நாளங்கள் இறுக்கிப் பிடிக்க முடியாமல் இரத்தம் கால்களில் இறங்குகிறது. அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் படகின் தளத்திலேயே சாய்ந்துவிடலாம். கோல்டன், ஹார்வி, டிப்டன் மூவரும் 1991இல் இதை விரிவாக எழுதினர். தூக்கும்போது கூடியவரை படுக்கைவாட்டில் தூக்கவேண்டும், தூக்கிய பின்னும் படுக்கவைக்கவேண்டும், கைகால்களைத் தேய்த்துவிடக் கூடாது, நடக்கவிடக் கூடாது. கட்டன் சாயா தருவதற்கு முன் ஈரத்தை அகற்றிப் போர்த்தவேண்டும். தேடப் போகும் மீனவர்களே பெரும்பாலும் முதலில் தூக்குபவர்கள் என்பதால், இது மருத்துவமனைச் சுவரில் தொங்கவேண்டிய அறிவிப்பன்று. மீன்பிடித் துறையில் எழுதவேண்டியது.

எழுதுவதென்றால் எந்தச் சொல்லில்? பயிற்சிக் கையேடுகளில் 'வெப்ப இழப்பைக் குறைக்கும் உடல்நிலை' என்று மொழிபெயர்ப்பது எளிது. அலையில் கிடப்பவருக்கு அது ஒருபோதும் நினைவுக்கு வராது. கடற்கரையில் ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. குளிரில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து 'சுருண்டு கிடக்கிறான்' என்று தமிழிலும் 'சுருண்டு கிடக்குந்நு' என்று மலையாளத்திலும் சொல்வார்கள். ஒலியிலும் பொருளிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 'விறை' இரு மொழிகளில் பிரிந்த இடத்தில் 'சுருள்' பிரியாமல் நிற்கிறது. விழிஞ்ஞத்துப் படகில் மலையாளமும் தூத்தூர்ப் படகில் தமிழும் பேசுபவர்களுக்கு ஒரே வரி போதும்: நீரில் விழுந்தால், பிடிக்க ஏதேனும் இருந்தால், படகு தேடி வரும் என்றால், சுருண்டு கிட.